சராசரிக் காற்று

ஏப்ரல் 19

தம்பி,

இங்கே யாரும் நலமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய், அதனால் கேட்கவில்லை.

போனில் பேசலாம்தான். பேசினால் நான் கத்துவேன், நீ "சிக்னல் சரியில்லக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. வேண்டுமானால் கிழித்துப் போடு, நான் இன்னொன்று எழுதுவேன்.

போன வாரம் காற்று திரும்பியது. குளிர்மாதங்கள் முழுக்க வயல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்த காற்று, கடல் பக்கமிருந்து வர ஆரம்பித்தது. வழக்கமாக அதற்கு நாங்கள் சந்தோஷப்படுவோம், வெக்கை கொஞ்சம் தணியும். இந்த முறை என் கடைக்குச் சலவைக்கு வந்து மொட்டைமாடியில் உலர்த்தியிருந்த ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் எல்லாவற்றிலும் மதியத்துக்குள் கறுப்புப் பொட்டு. ஊதினால் போகவில்லை. விரலால் தட்டினால் கோடாக இழுபடுகிறது. மறுபடி துவைத்தால் மறுபடி பொட்டு. ஆஸ்பத்திரியில் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

என்னிடம் இஸ்திரி போடும் அம்மா ஒரு விரிப்பை முகர்ந்து பார்த்தாள். "உருக்காலைப் புகைதான். வேற என்ன" என்றாள்.

உப்பங்கழியோரத்தில் நவம்பரில் உலை கொளுத்தினார்களே, அந்த உருக்காலைதான். நீ காற்றை அளந்து, நீ படம் வரைந்து, நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உருக்காலை. அன்றைக்குத் தெருவே கொடி பிடிக்கத் தயாராக இருந்தது. நான்தான் வீடு வீடாகப் போய், "என் தம்பிதான் அளந்தான், புகை நம்ம பக்கம் வராதுன்னு அவனே எழுதிக் குடுத்திருக்கான்" என்று சொன்னேன். என் வாயை நம்பித்தான் தெரு வாயை மூடிக்கொண்டது. இப்போது தண்ணீர் பிடிக்கப் போனால் ஒருத்தி என்னைப் பார்த்து வேண்டுமென்றே இருமுகிறாள்.

அவள் பொய்யாக இருமட்டும். என் மகள் வாண்டு நிஜமாக இருமுகிறாள். படியேறி வந்தால் நெஞ்சு விசில் அடிக்கிறது. டாக்டர் உறிஞ்சுகிற மருந்து கொடுத்து, "மூச்சுக்குழல் சுருங்குதும்மா, புகை படாம பாத்துக்குங்க" என்றார். எங்கே கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்வது? பீரோவிலா?

வராது என்று எழுதிய புகை எப்படி வந்தது? சுற்றி வளைக்காமல் பதில் எழுது.

அக்கா

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீயும் அத்தானும் வாண்டுவும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைக்கிறேன். வேலை நெருக்கடியில் பதில் தாமதமாகிவிட்டது.

நீ கோபத்தில் எழுதியிருக்கிறாய், புரிகிறது. ஆனால் அறிக்கையில் தவறு எதுவும் இல்லை. முழு ஆண்டு அளந்தோம். கம்பத்தில் கருவி வைத்து, மணிக்கொரு முறை திசையும் வேகமும் எடுத்தோம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த ஆண்டுச் சராசரிக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கித்தான், அதுவும் மிக மெல்லியதாகத்தான் வீசுகிறது. அந்தச் சராசரியை வைத்துத்தான் புகை ஊருக்குள் வராது என்று எழுதினோம். இப்போது நீ பார்ப்பது பருவத்தையொட்டி வரும் சிறு மாறுதல். போகப் போகச் சரியாகிவிடும்.

அதுவரை விரிப்புகளை வீட்டுக்குள்ளே காயப்போடலாம். கடல் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தி வை. நல்ல முகக்கவசம் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். தெருவில் யாரிடமும் என் பெயரை இழுக்காதே அக்கா. இது அலுவலகத்தின் அறிக்கை, என் சொந்த அறிக்கை அல்ல.

அத்தானுக்கு என் வணக்கம். வாண்டுவுக்கு ஒரு முத்தம்.

உன் தம்பி

மே 13

தம்பி,

முகக்கவசம் வந்தது. எல்லாம் பெரியவர்கள் அளவு. வாண்டு போட்டால் கண்ணையும் சேர்த்து மூடுகிறது. உன் வேலை எல்லாமே இப்படித்தானா?

சராசரி என்று எழுதியிருக்கிறாய். அத்தானிடம் படித்துக் காட்டினேன். அவர் பஸ் ஓட்டுகிறவர், நாலு வரி எழுதத் தெரிந்தவர், அவ்வளவுதான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "என் வண்டி காலையில வடக்க போவுது, சாயங்காலம் தெக்க வருது. ரெண்டையும் கூட்டிக் கழிச்சா வண்டி டிப்போவுலயே நிக்குது. அதுக்காக உன் தம்பிய ரோட்டுல வந்து படுக்கச் சொல்லு பாப்போம்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆறு மாதம் ஒரு பக்கம் வீசுகிறது, ஆறு மாதம் மறுபக்கம் வீசுகிறது, கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டாய். என் மகள் சராசரியாக மூச்சு விடுவதில்லை தம்பி. இன்றைக்கு வேண்டிய மூச்சை இன்றைக்கு விட வேண்டும். நவம்பரில் நன்றாக விட்டாளே என்று மே மாதத்தில் கழித்துக்கொள்ள முடியாது.

ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாய். இந்த வெக்கையில், உள்ளே வெந்நீர்த் தொட்டி ஓடும்போது, நீ வந்து சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். காற்று இப்படித் திரும்பும் என்று கையெழுத்துப் போடும்போது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நீ கேட்டதை ஒரு மாதமாக மனதில் போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன்.

தெரியும். காற்றைப் படிக்கிற எவனுக்கும் அது முதல் பாடம். அதை உனக்கு ஒழுங்காகச் சொல்லிவிட்டால் நீ என்னைத் தப்பாக நினைக்க மாட்டாய் என்று தோன்றுகிறது.

சூரியன் பூமியை ஒரே மாதிரி சுடவைப்பதில்லை. பூமியின் இடுப்புப் பகுதியில் வெயில் நெட்டுக்குத்தாக விழுகிறது. இரண்டு துருவங்களிலும் சாய்வாக விழுந்து, அதே வெயில் அகலமாகப் பரவி வீணாகிறது. உன் சலவைத் தொட்டியை நினைத்துக்கொள். அடியில் நடுவில் மட்டும் நெருப்பு வைத்தால் தண்ணீர் நடுவில் பொங்கி மேலே வரும், மேலோடு ஓரத்துக்குப் போகும், அங்கே ஆறிக் கீழே இறங்கி, அடியோடு மறுபடி நடுவுக்கு வரும். காற்றும் அப்படித்தான். நடுவில் சூடேறி மேலே போகிறது, வடக்கிலும் தெற்கிலும் கொஞ்ச தூரம் போய் இறங்குகிறது, தரையோடு நடுவுக்குத் திரும்புகிறது. பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால் நேராக வராமல் வளைந்து வருகிறது. உலகத்தில் வீசுகிற பெரிய காற்று எல்லாமே இந்தச் சூட்டு வித்தியாசத்தில் பிறந்தவைதான். எல்லா இடமும் ஒரே சூடாக இருந்தால் இலை அசையாது.

அந்தச் சூடான நடுப்பட்டை ஒரே இடத்தில் நிற்பதில்லை. சூரியனோடு சேர்ந்து அரை ஆண்டு வடக்கே, அரை ஆண்டு தெற்கே நகர்கிறது. இன்னொன்று, நிலம் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். கடல் மெதுவாகத்தான் சுடும், மெதுவாகத்தான் ஆறும். வெயில் மாதங்களில் நிலத்தின் மேல் காற்று சூடேறி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று உள்ளே வருகிறது. குளிர் மாதங்களில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும், நிலம் ஆறிப் போகும், காற்று திரும்பி நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. இதை யாரும் தடுக்க முடியாது அக்கா.

அறிக்கைப் படிவத்தில் காற்றின் திசைக்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். ஒரே ஓர் அம்புக்குறிதான் போட முடியும். எங்கள் தொழிலில் எல்லோரும் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்து அந்த ஓர் அம்பைப் போடுவார்கள். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் போட்டார். இரண்டு அம்பு போட்டால் அறிக்கை திரும்பி வந்துவிடும்.

உருக்காலை இரண்டாவது புகைபோக்கிக்கு அனுமதி கேட்டிருக்கிறது, அதற்கு ஆகஸ்ட் கடைசியில் அங்கே பொதுக் கூட்டம் இருக்கிறது. அலுவலகத்தில் என்னைத்தான் அனுப்புவார்கள் போலிருக்கிறது. அதுவரை நீ எதுவும் கிளப்பாமல் இரு.

உன் தம்பி

ஜூன் 19

தம்பி,

நேற்று வீட்டுக்கு வந்தோம். அதற்கு முன் மூன்று நாள் ஆஸ்பத்திரி. வாண்டுவுக்கு மூச்சு முட்டி உதடு நீலமாகிவிட்டது. அத்தான் ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸை அப்படியே நிறுத்தி இறங்கி ஓடிவந்தார். குழந்தைகள் வார்டில் படுக்க வைத்தார்கள். அவளுக்குப் போட்ட விரிப்பு நான் துவைத்தது. தலைமாட்டில் கறுப்புக் கோடு. என் கையாலேயே அதை மடித்து உள்ளே தள்ளிவிட்டேன், நர்ஸ் பார்க்கக் கூடாது என்று. எனக்கு அந்த நேரத்திலும் வெட்கம்.

உன் பாடத்தை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துதான் படித்தேன். நன்றாகவே சொல்லித் தருகிறாய். வாண்டுவுக்குக்கூடச் சொன்னேன், புரிந்துகொண்டாள். வெயில் ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைச்சல், அதனால் காற்று. சரி. அது உலகம் உண்டான நாளிலிருந்து நடக்கிறது. அதன் மேல் எனக்கு என்ன கோபம்? அந்தக் கட்டத்தில் ஓர் அம்பைப் போட்டது வெயில் இல்லை, நீ. படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்ததாம். பக்கத்தில் வெள்ளைத் தாளே இல்லையா? "அரை ஆண்டுக்கு ஊருக்குள் வரும்" என்று எழுத எவ்வளவு மை செலவாகும்?

தெரியாது என்று எழுதியிருந்தால் மடையன் என்று திட்டிவிட்டு விட்டிருப்பேன். தெரியும் என்கிறாய்.

கிளப்பாமல் இரு என்கிறாய். இருக்கிறேன், ஒரு நிபந்தனை. கூட்டத்தில் நீ எழுந்து நின்று, இந்தச் சராசரி பொய், முதல் புகைபோக்கிக்கே வடிகட்டி வைக்காமல் இரண்டாவது கூடாது என்று சொல்ல வேண்டும். சொல்வாயா?

அக்கா

ஜூலை 21

தம்பி,

ஒரு மாதமாகிறது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வாண்டு எப்படி இருக்கிறாள் என்றுகூட நீ இதுவரை எந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை. முத்தம் மட்டும் அனுப்புகிறாய்.

அவள் கேட்கிறாள், "மாமா காத்து டாக்டர்தானே, காத்துக்கு மருந்து குடுக்க மாட்டாரா" என்று. நான் என்ன சொல்ல? காற்றுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மாமாவுக்குத்தான் வாய் வரவில்லை என்று சொன்னேன்.

அக்கா

ஆகஸ்ட் 4

என் அருமை அக்காவுக்கு,

முதலில் வாண்டு எப்படி இருக்கிறாள் என்று எழுது. நான் கேட்காமல் இருந்தது நினைவில்லாமல் இல்லை. கேட்க முகம் இல்லை.

சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. இந்த ஒரு மாதமும் உருக்காலை நிர்வாகத்தோடு உட்கார்ந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். வடிகட்டிக்கு அவர்கள் கடைசி வரை மசியவில்லை. அதனால் காற்றையே நமக்குச் சாதகமாக வைத்து ஓர் அட்டவணை போட்டிருக்கிறேன். கடல்காற்று வரும் மாதங்களில் உலையைப் பாதிக்கும் கீழே எரிப்பார்கள். குறைந்ததை எல்லாம் நிலக்காற்று போகும் மாதங்களில், இரண்டு புகைபோக்கிகளிலும் முழு வீச்சில் எரித்து ஈடுகட்டிக்கொள்வார்கள். புகையில் பெரும்பகுதி கடலோடு போய்விடும். நம் தெருவில் விழுகிற பொட்டு பாதிக்கும் கீழே குறைந்துவிடும். நிர்வாகம் ஒத்துக்கொண்டுவிட்டது. கூட்டத்தில் நான்தான் இதைச் சமர்ப்பிக்கிறேன்.

இந்த முறை மாதத்துக்கு ஓர் அம்பு, பன்னிரண்டு அம்பு போட்டிருக்கிறேன். நீ திட்டியதற்குப் பலன்.

தெருவில் எல்லோரிடமும் சொல், யாரும் எதிர்க்க வேண்டாம். வாண்டு இனி நிம்மதியாகத் தூங்குவாள். அவளுக்காகத்தான் இதைச் செய்தேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

வாண்டு பரவாயில்லை. படியை ஒரே மூச்சில் ஏறவில்லை, ஆனால் ஏறுகிறாள். நீ கேட்டதற்கு இந்தப் பதில்.

உன் கடிதத்தைத் தெருவில் சொன்னேன். தண்ணீர்க் குழாயடியில் இருமுகிறவள்கூட என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான், "உன் தம்பி கெட்டிக்காரன்தான், ஒத்துக்கறேன்" என்றார். எனக்கும் மாதக்கணக்கில் நெஞ்சில் கிடந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. அன்று உன்னை மனதுக்குள் திட்டவில்லை.

கடைக்குள் வந்து இஸ்திரி அம்மாவிடமும் சொன்னேன். அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "அப்ப எங்க பக்கம் முழுசா வருமாம்மா?" என்றாள்.

அவள் இருப்பது மணல்திட்டில். கழிக்கு அந்தப் பக்கம், கடலுக்கும் உருக்காலைக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிறதே, அதில். அவள் வீட்டுக்காரர் உருக்காலைக்கு மூட்டை இறக்குகிறவர். சுமை இறக்குகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் தகரக் கொட்டகை போட்டுக் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அவள் போன குளிர்மாதங்களில் அடிக்கடி லீவு போட்டாள். வந்தாலும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தாள். "துணி மேல இருமாத, ஆஸ்பத்திரிக்குப் போறது" என்று நான் அவளைக் கடிந்துகொண்டேன். எங்கள் மாடியில் அப்போது காற்று சுத்தமாக இருந்தது, அதனால் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

உன் படத்தில் அந்தப் பக்கம் வெறும் கடலென்று நீலம் அடித்திருக்கிறதா, ஆட்கள் இருக்கிறார்களா? இதற்கு மட்டும் பதில் எழுது.

அக்கா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

வாண்டு தேறி வருகிறாள் என்று படித்ததும் மனது நிறைந்தது. அவளுக்குப் பச்சை நிறத்தில் கவுன் வாங்கி வைத்திருக்கிறேன், அளவு கொஞ்சம் பெரிதாகவே பார்த்து வாங்கினேன்.

கூட்டம் இருபத்தேழாம் தேதி, நகராட்சி மண்டபத்தில். நான் காலை ரயிலில் வந்து நேராக மண்டபத்துக்குப் போய்விடுவேன். முடிந்ததும் வீட்டுக்கு வருகிறேன், உன் கையால் சாப்பிட்டு எவ்வளவு நாளாகிறது. நீயும் அத்தானும் வாண்டுவோடு முன்வரிசையில் உட்காருங்கள். குழந்தையைப் பார்த்தால் அதிகாரிக்கும் மனசு இளகும். இரண்டாவது புகைபோக்கி முதலாவதைவிட உயரம், அதனால் புகை இன்னும் மேலே போய்விடும் என்பதையும் சொல்லப் போகிறேன்.

நாம் கேட்டது நமக்குக் கிடைத்துவிட்டது அக்கா. அதற்கு மேல் தோண்டிக்கொண்டிருந்தால் இதுவும் கையைவிட்டுப் போய்விடும். தெருவில் ஒருவரும் மாற்றிப் பேசாமல் பார்த்துக்கொள்.

உன் தம்பி

ஆகஸ்ட் 24

தம்பி,

கவுனின் நிறத்தை எழுதியிருக்கிறாய். ரயில் வரும் நேரத்தை எழுதியிருக்கிறாய். கேட்டதை எழுதவில்லை. நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இஸ்திரி அம்மா படகில் கூட்டிப் போனாள். நம் மாடியிலிருந்து பார்த்தால் மணல்தான் தெரியும். கிட்டே போனால் வரிசை வரிசையாக வீடு. ஒரு கொட்டகையில் பள்ளிக்கூடம்கூட நடக்கிறது. கடலைப் பார்த்த ஜன்னல்கள் திறந்திருக்கின்றன, உருக்காலையைப் பார்த்த ஜன்னல்களில் சாக்கைத் தைத்து மாட்டியிருக்கிறார்கள். "குளிர் காலத்துல அத நனைச்சு விடுவோம், கொஞ்சம் தாங்கும்" என்றாள் ஒருத்தி. அவள் இடுப்பில் ஒரு குழந்தை. அதன் நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன். எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். கடல்காற்று வீசும் இந்த மாதத்திலேயே அப்படி.

வேலை போய்விடும் என்று அவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. நம் தெருவுக்கு நீ கொடுக்கிற நிம்மதி எங்கேயிருந்து எடுத்தது என்று இப்போது தெரிந்துவிட்டது.

கூட்டத்துக்கு வருகிறேன். முன்வரிசையில்தான் உட்காருவேன்.

அக்கா

செப்டம்பர் 9

தம்பி,

மண்டபத்தின் பின்வாசல் வழியாகப் போனாயாம். வாட்ச்மேன் சொன்னார். கவுனை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். சாப்பாடு வைத்திருந்தேன், மறுநாள் கொட்டினேன்.

நீ தலையைக் குனிந்துகொண்டிருந்ததால் பாதி பார்த்திருக்க மாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

உன் பன்னிரண்டு அம்பும் சுவரில் அழகாகத்தான் இருந்தன. மணல்திட்டு இருக்க வேண்டிய இடத்தில் கடல் நீலம். அதிகாரி, "ஆட்சேபணை உண்டா" என்று கேட்டபோது நம் தெரு முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் எழுந்தேன். என்ன பேசினேன் என்று எனக்கே கோர்வையாக நினைவில்லை. "அந்த நீலத்துல பள்ளிக்கூடம் இருக்குங்க. நாங்க வருஷத்துல பாதி இருமறோம், இப்ப எங்களுக்குப் பதிலா அவங்கள வருஷத்துக்கும் சேத்து இருமச் சொல்றீங்க. காத்தப் பாத்து எரிக்காதீங்க, புகையப் புடிச்சு வைங்க" என்றேன். அப்போது உன்னைப் பார்த்தேன். நீ பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாய்.

அதிகாரி உன்னிடமே கேட்டார், "அங்கே ஆட்கள் இருக்கிறார்களா" என்று. நீ, "ஆய்வு வரைபடத்தில் இல்லைங்க" என்றாய். மண்டபத்தின் கடைசியில் நின்றிருந்த இஸ்திரி அம்மா, "நான் வரைபடத்துல இல்லன்னா இங்க எப்படி நிக்கறேன்?" என்று கேட்டாள். நீ எழுந்து போனது அதற்கப்புறம்தான்.

நீ போன பிறகு நடந்தது இது. இரண்டாவது புகைபோக்கிக்கு அனுமதி இல்லை, இப்போதைக்கு. உன் அட்டவணையும் இல்லை. இரண்டு பக்கத்திலும் கருவி வைத்து, ஓர் ஆண்டு மாதாமாதம் தனித்தனியாக அளந்து வந்த பிறகு வடிகட்டி பற்றி முடிவு சொல்வார்களாம். அதுவரை முதல் புகைபோக்கி பழையபடியே எரியும். அதாவது அடுத்த வெயில் மாதங்களில் நம் தெருவுக்கு முழுப் புகை. பாதியாகக் குறைந்திருக்க வேண்டியது, நான் எழுந்து நின்றதால் குறையவில்லை.

தெரு என்னோடு பேசுவதில்லை. மாடியில் துணிக்கொடியை யாரோ அறுத்துவிட்டார்கள். அத்தான் மூன்று நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான்காம் நாள், "நம்ம புள்ளய நெனச்சியா நீ?" என்று மட்டும் கேட்டார். நினைத்தேன். நினைத்துக்கொண்டேதான் எழுந்தேன். காற்று திரும்ப இன்னும் நாளிருக்கிறது. நேற்றும் அவளுக்கு மருந்துப்புகை பிடித்தோம். முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, அவள் மூச்சை நானே விற்றுவிட்ட மாதிரி இருந்தது. நீ எல்லோரும் செய்கிறார்கள் என்று செய்தாய். நான் யாரும் செய்யாததை, தெரிந்தே, என் பிள்ளை மேல் செய்திருக்கிறேன். என்னை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியதற்கு உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

யார் அளப்பது என்று அதிகாரி கேட்டார். உருக்காலை ஆள் ஒருவர் எழுந்து ஏதோ நிறுவனத்தின் பெயரைச் சொன்னார். நான், "என் தம்பி அளப்பான்" என்றேன். மண்டபமே சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். உன் அலுவலகத்தில் என்ன சொல்வார்கள், வேலை இருக்குமா போகுமா, அது உன் பாடு. அளக்கத் தெரியாதவன் இல்லை நீ. பதினைந்தாம் தேதிக்குள் கருவியோடு வா.

என் வீட்டுக்கு வராதே. மணல்திட்டில் இஸ்திரி அம்மா ஒரு கொட்டகையில் உனக்கு இடம் ஒழித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு என்னைவிடப் பெரிய மனசு. குளிர்மாதங்கள் தொடங்கப் போகின்றன, காற்று அந்தப் பக்கம் திரும்பும். வெயில் வரும்வரை நீ அங்கேதான் இருக்க வேண்டும். அங்கேயே தூங்கி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே அளக்க வேண்டும்.

நீ சுகமாக இருக்கிறாயா என்று இந்த ஆண்டு நான் ஒரு தடவைகூட மனதாரக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். பதிலை உன் அலுவலகத்திலிருந்து எழுதாதே, ஜனவரியில் மணல்திட்டிலிருந்து எழுது. அப்போது நம்புகிறேன்.

அக்கா